தளிப் பக்கம் ஒரு குதிரைக் கோடை

ஏப்ரல் 12, சனி. பாலக்கோடு – ராயக்கோட்டை – தளி

அக்கா மகள் குதிரை வைத்திருக்கிறாள் என்று தருமபுரியில் யாரிடம் சொன்னாலும், கல்யாண ஊர்வலத்துக்கு என்ன வாடகை என்றுதான் கேட்கிறார்கள். பாலக்கோட்டைத் தாண்டி மச்சான் வாங்கிப் போட்ட மாந்தோப்பில் தகரக் கூரை வேய்ந்த லாயம். உள்ளே இரண்டு உருப்படி. குமரனுக்கு ஐந்து வயது. பெங்களூர் ரேஸில் ஓடி, பெரிதாக எதுவும் ஜெயிக்காமல் கழித்துவிடப்பட்ட தரோபிரெட், ரேஸுக்கென்றே வளர்க்கிற இனம். அல்லிக்கு நாலு வயது, குஜராத் பக்கத்து கத்தியவாரி இனக் கலப்பு, சாம்பல் நிறப் பெட்டை. வயது ஏற ஏற வெளுத்து, ஒருநாள் முழு வெள்ளையாகிவிடுமாம். இரண்டையும் அக்கா மகள் பாப்பா ஈவென்டிங் என்கிற மூன்று பகுதிச் சவாரிப் போட்டிக்குப் பழக்குகிறாள்.

நம் நாட்டில் பெரிய ஈவென்டிங் போட்டிகள் குளிர்காலத்தில்தான். ஐரோப்பாவில் அப்படியே தலைகீழ். வசந்தத்தில் தொடங்கிக் கோடை முழுக்க ஓட்டி, அக்டோபரில் பிரான்சின் லியோன் தாஞ்சேவில் ஆறு, ஏழு வயதுக் குதிரைகளுக்கான உலகப் போட்டிவரை போவார்கள். இங்கே கோடையில் நடப்பதெல்லாம் இளங்குதிரைகளுக்குக் கூட்டமும் சத்தமும் பழகட்டும் என்று வைக்கிற பழகு போட்டிகள். தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவில் ஒரு தனியார் பண்ணையில், பள்ளி லீவை ஒட்டி, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. மச்சானுக்கு மூட்டு ஆபரேஷன். அக்காவுக்குக் குதிரை கனைத்தாலே நடுக்கம். "மாமா, நீங்க சும்மா கூட இருந்தா போதும்" என்றாள் பாப்பா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

காலை ஐந்தரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். குதிரை ஏற்றுகிற வண்டிக்கு ஃப்ளோட் என்று பெயர்; குமரன் அதில் ஏறி நின்றுவிட்டான். அல்லி சாய்பலகையில் ஒரு காலை வைத்தாள், பலகை டொங்கென்றது, அவ்வளவுதான். காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கினவள் நகரவே இல்லை. பால் ஊற்ற வந்தவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பேர் என்று கூட்டம் கூடி, ஆளுக்கொரு யோசனை. கண்ணைக் கட்டுங்க. கயிற்றைப் பின்காலுக்குப் போட்டு இழுங்க. பின்னாடி ரெண்டு வைங்க. குதிரைகளைப் பராமரிக்கிற சயீஸ் பாய் எதற்கும் காது கொடுக்கவில்லை. பெங்களூர் ரேஸ் லாயங்களில் வாழ்நாளைக் கழித்த மனிதர், அறுபதைத் தாண்டியவர். நாலு கோணிச் சாக்கைப் பலகைமேல் விரித்து, மேலே ஒரு கூடை மண்ணைக் கொட்டி மிதித்தார். சத்தம் அடங்கியது. பிறகு கயிற்றைத் தொங்கவிட்டபடி பக்கத்தில் நின்று பீடி பற்ற வைத்தார். அல்லி மண்ணை முகர்ந்தாள். ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். கூட்டம் அலுத்துக் கலைந்தது. ஏழு மணிக்கு, யாரும் கேட்காமலே, உள்ளே போய்க் குமரன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு அடிச்சு ஏத்தினா நாளைக்கும் அடிச்சுத்தான் ஏத்தணும் சார்" என்றார் பாய்.

ராயக்கோட்டையில் அரைமணி நேர நிறுத்தம். டீக்காக என்று நினைத்தேன், குதிரைக்காக. வண்டியில் தலையை உயரக் கட்டியே வைத்திருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் சேர்கிற தூசியும் சளியும் இறங்க வழியில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடுமாம். அதனால் கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தரைவரை தாழ்த்த விடுகிறார்கள். டீ 12 ரூபாய். மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தேஞ்ச லாடம் ஏதாச்சும் இருந்தா குடுங்க, வாசக்காலுக்கு அடிக்கணும்" என்றார். பாய் இதற்கென்றே ஒரு பையில் பழைய லாடங்களைப் போட்டு வைத்திருக்கிறார். காசு வாங்குவதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு. தளி அருகே

தருமபுரி 460 மீட்டர் உயரம். இந்தப் பக்கம் 900-க்கு மேல். விடியலில் சால்வை தேவைப்பட்டது. பதினொரு மணிக்கு அதே சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று பகுதியாக ஒரே குதிரை, ஒரே சவாரிக்காரர். முதலில் டிரஸ்ஸாஜ்: மணல் மைதானத்தில் வட்டம், வளைவு, நடை, ஓட்டம், நிற்பது. ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு மார்க். மொத்தச் சதவீதத்தை நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது பெனால்டி. அடுத்து கிராஸ் கன்ட்ரி: மரக்கட்டை, மேடு, பள்ளம், தண்ணீர் என்று தாண்டி ஓடுவது. ஒரு தடையில் குதிரை முரண்டு பிடித்து நின்றால் 20, அதே தடையில் இரண்டாம் முறை நின்றால் 40. குறித்த நேரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4. சவாரிக்காரர் விழுந்தால் கதை முடிந்தது. கடைசியாக ஷோ ஜம்பிங், ஒரு கம்பு விழுந்தால் 4. கூட்டிப் பார்த்துக் குறைவாக யாருக்கு வருகிறதோ அவர் முதல். வட்டிக் கணக்குப் போட்டவனுக்கு இது பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது.

குமரன் ரேஸ் குதிரை. வேலியைப் பார்த்தால் அதை ஒட்டி ஓட வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். மைதான ஓரத்தில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்காக வைத்த செவ்வந்திச் சட்டியைப் பார்த்துக் குறுக்கே பாய்ந்தான்; நடுவருடைய மேஜைக் குடை ஆடியதும் நின்றுவிட்டான். 58 சதவீதம், அதாவது 42 பெனால்டி. பாப்பா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அல்லியைப் போட்டியிலேயே விடவில்லை. மற்ற குதிரைகள் போவதையும் வருவதையும் வேலி ஓரமாக நின்று பார்க்க வைத்தாள், பிறகு புல் மேய விட்டாள். நுழைவுக் கட்டணம் கட்டாத குதிரைக்கும் டீசல் அதேதான்.

மதியம் தளி ரோட்டில் ஒரு வீட்டுக் கடை. ராகிக் களி, மொச்சைக் குழம்பு, கீரை மசியல், 60 ரூபாய். களி கையில் ஒட்டாத பதம். அந்தம்மா என்னிடம் தமிழ், வீட்டுக்காரரிடம் தெலுங்கு, பேரனிடம் கன்னடம். கடைசியில் கொள்ளு ரசம் ஊற்றினார். காலையில் பாய் குதிரைக்கு ஊற வைத்த அதே கொள்ளு என்று சொன்னேன். "அப்போ நீங்களும் ஓடுங்க" என்றார்.

ஏப்ரல் 26, சனி. ஓசூர், மத்திகிரி

காயத்துக்குப் போடும் மருந்தும் ஒரு மூட்டை ஓட்ஸும் வாங்க ஓசூர் போனோம். திரும்பும் வழியில் மத்திகிரி கால்நடைப் பண்ணையின் வேலி நீண்டுகொண்டே போனது. ஆங்கிலேயர் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க 1824-இல் தொடங்கிய இடம். பரப்பு 1,600 ஏக்கருக்கு மேல். நூறு வருஷம் கழித்துத்தான் கால்நடைத் துறையின் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் இந்த உயரத்தையும் புல்லையும் பார்த்துத்தான் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். இப்போது பக்கத்திலேயே கம்பெனி பஸ்கள் வரிசை. இந்தப் பக்கத்துக்குக் குதிரை ஒன்றும் புதுசு இல்லை, நாம்தான் மறந்துவிட்டோம் என்று பாப்பாவிடம் சொன்னேன். அவள் ஓட்ஸ் மூட்டை கிலோ எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு. பண்ணை

காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கிராஸ் கன்ட்ரி எட்டரை வரை தொடங்கவில்லை. காரணம் யானை. ராத்திரி பக்கத்து ஏரிக்கு வந்த கூட்டம் காட்டுக்குத் திரும்பவில்லை. வனத்துறைக் காவலர்கள் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கலாம் என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பையன்களுக்கு ஒரே குஷி. குதிரைகளுக்கு அப்படி இல்லை. காற்று ஏரிப் பக்கமிருந்து திரும்பியபோது லாயத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே திசைக்குத் திரும்பின. யாரும் மேயவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் பாப்பாவோடு தடைப் பாதையை நடந்து பார்த்தேன். குதிரை ஏறுவதற்கு முன் சவாரிக்காரர் நடந்து பார்க்கலாம். குதிரைக்குக் காட்டக் கூடாது. வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில்தான் தாண்ட வேண்டும். 1,400 மீட்டர், நாலு நிமிஷம். தைல மரக் கட்டைகள் 80 சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை. அவள் கட்டையைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்தாள். குதிகாலால் மண்ணைக் குத்தினாள். எங்கே வெயில், எங்கே நிழல் என்று கேட்டாள். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் தாண்டச் சொன்னால் இளங்குதிரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதாம். கண் பழக நம்மைவிட நேரம் எடுக்குமாம். நிழலில் நிற்கிற சாதாரணக் கட்டைக்கு முன் கூடுதலாக நாலு எட்டு மெதுவாகப் போகத் திட்டமிட்டாள்.

கடைசிக்கு முந்தியது தண்ணீர். முழங்காலுக்குக் கீழே நிற்கிற ஆழம், அடியில் ஜல்லி. போட்டி முடிந்த பிறகு அல்லியை அங்கே கூட்டிப் போனோம். அல்லிக்கு அது பாதாளம். ஒரு வயசான குதிரை முன்னால் இறங்கி நின்றது. பாய் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நின்றார். பாப்பா மேலே உட்கார்ந்து கடிவாளத்தைத் தளர்த்திவிட்டாள். முக்கால் மணி நேரம். பக்கத்தில் ஒரு கோச் தன் மாணவனின் குதிரையைச் சாட்டை காட்டி உள்ளே இறக்கி, தாண்டி, வெளியேறி, கிளம்பியும் போய்விட்டார். அல்லி மூக்கால் தண்ணீரைத் தொட்டாள், தும்மினாள், முன்காலால் தப்பென்று அடித்துத் தன்மேலேயே தெளித்துக்கொண்டு பயந்தாள். அப்புறம் முன்னங்கால் இரண்டும் உள்ளே. பாப்பா உடனே இறங்கி, தட்டிக் கொடுத்து, "போதும், வீட்டுக்குப் போலாம்" என்றாள். நாலு காலும் நனைவதற்குள் முடித்துக்கொண்டது எனக்கு அரைகுறையாகப் பட்டது. பாய்க்குத் திருப்தி.

மே 4, ஞாயிறு. பாலக்கோடு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். போட்டி இல்லை. தோப்பில் நாலரை மணிக்கு விளக்குப் போட்டு வேலை, ஏழுக்குள் முடிகிறது. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு மட்டும்தான். நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டுச் சூட்டை இறக்க வழியில்லை, வேர்வைதான் முக்கிய வழி. கடும் வேலையில் ஒரு மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வேர்க்கும். தண்ணீரோடு உப்பும் போகிறது; தீனியில் உப்புக் கலக்காவிட்டால் தாகம் சரியாக எடுக்காதாம்.

வேலை முடித்து வந்த குமரனை நானும் பாயும் குளிர்வித்தோம். பாய் தாடைக்கு அடியில் விரலை வைத்து, என் வாட்சைப் பார்த்தபடி நாடி எண்ணினார். நின்றுகொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டியது எண்பதைத் தாண்டியிருந்தது. கழுத்தில், நெஞ்சில், தொடை உள்பக்கம் ஐஸ் கலந்த தண்ணீரை நான் மொண்டு மொண்டு ஊற்றினேன். சூடான குதிரைமேல் ஜில்தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பயம். அது உண்மையில்லை என்று பெரிய போட்டிகளிலேயே நிரூபித்துவிட்டார்கள், இப்போது எல்லா இடத்திலும் இதுதான் முறை. பாய்க்கும் இதை ஒத்துக்கொள்ள ரொம்ப நாள் ஆனதாம். பத்து நிமிஷத்தில் நாடி அறுபதுக்குக் கீழே வந்தது. என் லுங்கி, பனியன், செருப்பு எல்லாம் சொட்டச் சொட்ட. அந்த வெயிலில் எனக்கும் வேண்டியிருந்தது.

மே 10, சனி. பண்ணை

அல்லியின் முதல் டிரஸ்ஸாஜ். செவ்வந்திச் சட்டி, குடை, எதற்கும் அசையவில்லை. 68.5 சதவீதம், 31.5 பெனால்டி. பன்னிரண்டு குதிரைகளில் முதல் இடம். பலகையில் பெயர் எழுதியதை நான் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா பதிலுக்கு மாரியம்மன் படம் அனுப்பினாள்.

டீக்கடையில் இருந்த இரண்டு இளைஞர்கள் இதெல்லாம் ஒலிம்பிக்கில் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளியும், அணியோடு சேர்ந்து இன்னொரு வெள்ளியும் வாங்கினார். அதற்கு முன் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வாங்கியதோடு சரி. நடுவில் முப்பத்தாறு வருஷம் தனிநபர் பதக்கமே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃபவாத் இறுதிச் சுற்றுவரை வந்து 23-ஆம் இடம். "கிரிக்கெட் மாதிரி டிவியில போட்டா பாப்போம்" என்றார் ஒருவர். நியாயமான கோரிக்கை.

மே 11, ஞாயிறு

அல்லி ஓடவில்லை.

காலை நாலரைக்குப் பாய் என்னை எழுப்பினார். ராத்திரி வைத்த தீனி பாதி அப்படியே கிடந்தது. வாளித் தண்ணீர் ரெண்டு விரல்தான் இறங்கியிருந்தது. சாணம் வழக்கத்தைவிடக் குறைவு, உருண்டைகள் சின்னதாக, காய்ந்து. பாய் வயிற்றில் காதை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார். சத்தம் இருந்தது. காய்ச்சல் இல்லை, நொண்டல் இல்லை, புரளவும் இல்லை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது சிக்கிக்கொண்டால் கோலிக், அது ஆளைக் கொண்டுபோகிற நோய். ஆனால் இது அதுவும் இல்லை. கால்நடை டாக்டரும் ஓடலாம் என்றுதான் சொன்னார். புது இடம், ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம், முதல் போட்டி. பாப்பா வந்து பார்த்தாள். அல்லியின் நெற்றியில் கையை வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். நேராகப் போய்ப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

கட்டணம் 2,500 ரூபாய், திரும்பக் கிடைக்காது. முதல் இடமும் போச்சு. பக்கத்து லாயத்தில் மகனைச் சவாரிக்கு விட்டிருந்த ஒரு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரே ஓடலாம்னு சொல்றப்போ உங்களுக்கு என்ன சார்? பசங்க மனசு கெட்டுப்போகும்." அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், தள்ளி நின்று குதிரையின் கால் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் 2,500 உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவருக்குப் பாப்பா சொன்ன பதில்: "அங்கிள், பெரிய குதிரைக்கு உடம்பு சரியில்லன்னா அது வேலையில தெரிஞ்சிடும். நாலு வயசுக்கு இன்னிக்கு நான் ஓடச் சொன்னா ஓடும். ஓடிட்டு, கட்டையப் பாத்தாலே வயித்து வலின்னு ஞாபகம் வச்சிக்கும். அத அழிக்க எனக்கு ஒரு வருஷம் ஆவும்." நாலு வயதில் முதுகெலும்பு வளர்ச்சியே முடிந்திருக்காது, அதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் சமாதானம் ஆகவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்கு அல்லி வேலி ஓரம் புல்லைக் கடிக்க ஆரம்பித்தாள். பத்து மணிக்கு ஒரு வாளி தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பாய் அதற்குப் பிறகுதான் டீ குடித்தார்.

மே 25, ஞாயிறு. பண்ணை, திரும்பும் வழி

வியாழன் முதல் கோடை மழை. கல்லாக இருந்த செம்மண் மேலே ஒரு விரல் சேறு, அடியில் இன்னும் கெட்டி. இதுதான் மோசமான தரை என்றார்கள்; வழுக்கவும் செய்யும், காலில் அதிர்வும் குறையாது. லாடத்தில் திருகும் சின்ன ஆணிகளைப் பாய் ஒவ்வொன்றாக முடுக்கினார். அமைப்பாளர்கள் இரண்டு தடையை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு.

இன்று குமரன் நாள். டிரஸ்ஸாஜ் 38. கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையிலும் நிற்கவில்லை. ஆனால் பாப்பா அவனைத் தைல மரத்தோப்புக்குள் ட்ராட்டுக்கு, அதாவது மெதுவான ஓட்டத்துக்கு, இழுத்துவிட்டாள், பத்து விநாடி தாமதம், அதற்கு 4. ஷோ ஜம்பிங்கில் கடைசிக் கம்பைப் பின்காலால் தட்டினான், இன்னொரு 4. மொத்தம் 46, நாலாம் இடம், ஒரு பச்சை ரோசெட், அதாவது ரிப்பன் பூ. ரேஸில் ஜெயிக்காதவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த பரிசு. அதைக் கடிவாளத்தில் குத்தியதும் திரும்பித் தின்னப் பார்த்தான்.

அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் தண்ணீரில் விழுந்தான். குதிரை சட்டென்று நின்றது, இவன் தொடர்ந்து போனான். அடி இல்லை, தொப்பலாக எழுந்து சிரித்தான். விழுந்தால் வெளியேற்றம்தான். அவன் அப்பா ஓடிவந்து முதலில் கேட்டது மார்க்கை அல்ல, கையை ஆட்டச் சொல்லித்தான். எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு பாதி போய்விட்டது.

திரும்பும்போது கெலமங்கலம் தாண்டி ஃப்ளோட்டுக்கு டயர் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்று இல்லை. டிரைவர் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பைக்கில் தொற்றிப் போனார். ஒன்றரை மணி நேரம் ரோட்டோரப் புளிய மரத்தடியில் இரண்டு குதிரைகளையும் இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிர்த்த வீட்டு அம்மா கேட்காமலே இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குதிரைகள் குடித்ததும், "உங்களுக்கு?" என்று மோர். காசு கொடுக்கப் போனேன், கோபித்துக்கொண்டார். பஞ்சருக்கு 250. அல்லி மறுபடி ஏறும்போது பலகைமேல் சாக்கும் இல்லை, மண்ணும் இல்லை. டொங் டொங்கென்று ஏறிப் போய்விட்டாள்.

ஜூன் 7, சனி. தேன்கனிக்கோட்டை

பக்ரீத். பாய் வீட்டில் சாப்பாடு. சீரக சம்பா இல்லை, நீள அரிசி; கூடவே கத்திரிக்காய் தால்ச்சா. நான் மூன்றாம் முறை வேண்டாம் என்றதைப் பாயின் மனைவி காதில் வாங்கவில்லை. சுவரில் பழைய படம் ஒன்று: ரேஸ் கோர்ஸில் குதிரைக் கயிற்றைப் பிடித்தபடி இளவயது பாய். குதிரையின் முழுப்பெயர், அதன் அப்பா, அம்மா, ஓடிய தூரம் எல்லாம் கடகடவென்று சொன்னார். மகன் ஓசூரில் பேக்டரி வேலை, சயீஸ் வேலைக்கு வரமாட்டான். "சம்பளம் கம்மி சார், லீவும் கிடையாது. குதிரைக்குப் பண்டிகை தெரியுமா?" நியாயம். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு பாப்பாவுக்குப் போன் போட்டு, அல்லி தண்ணி குடித்தாளா என்று கேட்டார்.

ஜூன் 15, ஞாயிறு. பண்ணை, கிருஷ்ணகிரி வழியாக

பருவத்தின் கடைசிப் போட்டி. அல்லிக்கு டிரஸ்ஸாஜ் 34. நல்ல மேகமூட்டம், சாரல். நேற்று ராத்திரி தீனி காலி, தொட்டி காலி, சாணம் சரி. பாய் பச்சைக்கொடி காட்டிவிட்டார்.

நான் தண்ணீர்த் தடைக்கு எதிரே போய் நின்றுகொண்டேன். அல்லி தோப்பிலிருந்து காதை நிமிர்த்திக்கொண்டு வந்தாள், தண்ணீரைப் பார்த்தாள், விளிம்பில் நின்றாள். 20 போச்சு. பாப்பா சாட்டையை எடுக்கவில்லை. ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள், இந்த முறை நடையிலேயே. விளிம்பில் கழுத்தை நீட்டி, ஒரு முறை ஊதி, ஒரு கால். இன்னொரு கால். பிறகு நாலும். நடுவில் நின்று, வந்த வேலையை மறந்து, ஒரு வாய் குடிக்கப் போனாள். தடை நடுவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கக் கரை ஏறியதும் தானாகவே பாய்ச்சலில் போனாள். முப்பத்தைந்து விநாடி தாமதம், 14. ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பும் விழவில்லை. மொத்தம் 68, பதினொன்றில் ஒன்பதாம் இடம்.

பாப்பா முகத்தில் இந்தக் கோடையில் நான் பார்த்த பெரிய சந்தோஷம் இதற்குத்தான். நாலாம் இடத்து ரோசெட் வாங்கின அன்றுகூட இப்படி இல்லை. ஒன்பதாம் இடத்துக்கு இவ்வளவா என்று அக்கா போனில் கேட்டாள். விளக்க முயன்று, விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று திரும்பும் வழியைச் சூளகிரி, கிருஷ்ணகிரி என்று சுற்றினோம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் வரிசையாக நின்றன. கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேட்கிறார்கள், பறிக்கிற கூலிக்கே காணாது என்று ஒரு விவசாயி புலம்பினார். எங்கள் தோப்புக்கும் அதே கதிதான்; மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி ரோட்டோரத்தில் மல்கோவா ரெண்டு கிலோ வாங்கினேன், கிலோ 120.

லாடத்தைக் கழற்ற ஆள் புதன்கிழமை வருகிறார். ஜூலை முழுக்கச் சேணம் கிடையாது, இரண்டும் வெறும் காலோடு தோப்பில் மேயும். மறுபடி வேலை ஆகஸ்டில், குளிர்காலப் போட்டிக்கு அல்லி போவாளா என்பது நவம்பரில் பார்த்து முடிவு செய்வது. மாங்காய் பறிப்பு முடிகிறவரை மட்டும் அவிழ்த்துவிடக் கூடாது என்று பாய் கறாராகச் சொல்லிவிட்டார்; உதிர்ந்த பழத்தைக் கொட்டையோடு முழுங்கித் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளுமாம். விலை இல்லாமல் பறிக்காமலே விட்டுவிடுகிற யோசனையில் மச்சான் இருக்கிறார். அப்படியானால் அத்தனையையும் பொறுக்குவது என் தலையில்தான் விடியும்.